ஸொல்கோல் சாலையில் மரம் வெட்டியவள்

எங்கள் எம்.பி. நம்குங்கின் மூஞ்சியை இந்த மாவட்டத்திலேயே என்னைவிட அதிகம் பார்த்தவர் கிடையாது. அவர் பெண்டாட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேனர் கடைக்காரி நான். புத்தாண்டுக்கு ஒரு மூஞ்சி, அறுவடைப் பண்டிகைக்கு ஒரு மூஞ்சி, பரீட்சை எழுதும் பிள்ளைகளை வாழ்த்தி ஒரு மூஞ்சி, சுரங்கப்பாதைக்கு நிதி வாங்கிவந்துவிட்டேன் என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு மூஞ்சி. எல்லாம் என் மெஷினிலிருந்துதான் மை காயாமல் இறங்கும். மூக்கோரத்து மருவை அழித்துக்கொடுப்பதும் நான்தான். எங்கள் பக்கம் அவர் கட்சிப் பேரைச் சொல்லி ஒரு காய்ந்த குச்சியை நட்டாலும் ஜெயித்துவிடும். குச்சி கிடைக்காமல் இவரை நட்டிருக்கிறார்கள்.

கட்சி பேனர் என்றால் இங்கே யாரும் கை வைக்க முடியாது. சட்டமே அப்படி. எந்த முச்சந்தியிலும் கட்டலாம், எத்தனை வேண்டுமானாலும் கட்டலாம். நீங்களும் நானும் கட்டினால் மட்டும் மாவட்ட அலுவலகத்தில் முத்திரை வாங்க வேண்டும், அவர்கள் காட்டுகிற கம்பத்தில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேனில் வந்து கயிற்றை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இந்தக் கதைக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அதனால் சொன்னேன்.

கூ மால்ஹி என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஸொல்கோல் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஆப்பிள் தோட்டம், இடுப்பு ஒடிந்த புருஷன், ஊர்த்தலைவி பதவி என்று மூன்றையும் அவள்தான் சுமக்கிறாள். புருஷன் வாயே திறக்க மாட்டார். அவளோடு குடித்தனம் பண்ணுகிறவருக்கு வாய் திறக்க இடம் எங்கே கிடைக்கும்? ஊர் ஒலிபெருக்கியில் காலையில் அவள் பேச ஆரம்பித்தால், யார் வீட்டு நாய் யார் தோட்டத்தில் வேலையைக் காட்டியது, யார் குப்பையைப் பிரிக்காமல் போட்டார்கள் என்று பேர் சொல்லியே கிழிப்பாள். எல்லாரும் திட்டிக்கொண்டே கேட்பார்கள். கேட்காமலும் இருக்க மாட்டார்கள்.

ஸொல்கோலுக்கு ஒரே சாலை. மலை இடுக்கில் ஊர், ஊரோடு சாலை முடிந்தது. நெடுஞ்சாலைக்கு இறங்குவதற்குள் கீழ் வளைவு, மேல் வளைவு என்று இரண்டு வளைவுகள். இரண்டிலும் பைன் மரங்கள் சாலைக்கு மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும். வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். மால்ஹிக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். பைன் மரத்தில் எண்ணெய் இருக்கிறது, தீ பிடித்தால் பந்தம்தான். முன்பெல்லாம் மார்ச் வரை மலையில் பனி கிடந்தது. இப்போது குளிர்காலத்தில் பனியும் இல்லை, மழையும் இல்லை. வசந்தத்தில் காற்று மட்டும் வருகிறது, அதுவும் வெறிபிடித்து வருகிறது. சாலையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலத்துக்கு மரத்தை எடுத்துவிடுங்கள், தீ வந்தால் ஜனம் வெளியே ஓட வழி வேண்டும் என்று வருஷா வருஷம் கேட்டாள்.

மாவட்ட அலுவலகம் அது வனத்துறை நிலம் என்றது. வனத்துறை மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றது. ஊருக்குள்ளேயே காளான் சங்கத் தலைவர் தோ பியொங்சு குறுக்கே நின்றார். பைன் மரத்தடியில் இலையுதிர்காலத்தில் முளைக்கிற காளான்தான் அந்த ஊருக்குச் சோறு. மரம் போனால் காளான் போச்சு. அவர் சொன்னதும் பொய்யில்லை.

கடைசியில் எம்.பி.யின் மக்கள் சந்திப்புக் கூட்டத்திலேயே எழுந்து கேட்டுவிட்டாள். மரத்தைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. ஆப்பிள் ஏப்ரலுக்கு முன்னாடியே பூத்துத் திடீர் உறைபனியில் கருகுகிறது, மலை சருகாகக் காய்ந்து கிடக்கிறது, பருவநிலைக்கென்று ஒரு சட்டம் உங்கள் கமிட்டியில் தூங்குகிறதாமே, அதை எப்போது எழுப்புவீர்கள் என்றும் கேட்டாள். நம்குங் சிரித்தார். வெயில் ஏறினால் நல்லதுதானே, ஆப்பிள் வராவிட்டால் மாம்பழம் போடுங்கள் அம்மா, நல்ல விலை என்றார். மண்டபமே கைகொட்டிச் சிரித்தது. அந்தக் கூட்டத்துக்கும் பேனர் என் கடைதான்.

அடுத்த மார்ச்சில் தீ வந்தது.

மேற்கே எங்கோ ஒருவர் வயல் வரப்பைக் கொளுத்தியிருக்கிறார். எங்கள் அப்பன் தாத்தன் எல்லாம் வருஷா வருஷம் கொளுத்தியதுதான். ஆனால் அன்றைக்கு அடித்த காற்று அப்பன் தாத்தன் காலத்துக் காற்று இல்லை. மத்தியானம் இரண்டு மலை தள்ளித் தெரிந்த புகை, சாயங்காலத்துக்குள் ஸொல்கோல் முகட்டில் ஏறி நின்றது. கைபேசிக்கு எச்சரிக்கைச் செய்தி வந்தபோது ஊரில் பாதி கூரை எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பே மால்ஹி ஒலிபெருக்கியில் கத்தத் தொடங்கியிருந்தாள். துணிமணி வேண்டாம், மாட்டை அவிழ்த்துவிடு, வண்டி இல்லாதவன் எவன் வண்டியிலாவது ஏறு என்று வீட்டுக்கு வீடு பேர் சொல்லி விரட்டினாள். மின்சாரம் போன பிறகு தெருவில் ஓடிக் கதவைத் தட்டினாள்.

பியொங்சு காளான் மலையில் தண்ணீர்ப் பையை முதுகில் கட்டிக்கொண்டு தீயை அணைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஓக்பூன் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏறினாள். எல்லா வண்டிகளும் தாண்டியபின் கடைசியாக வந்த கார் அது. கீழ் வளைவில் எரிகிற பைன் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்தது. ஓட்டியவர் கண்ணாடியை உடைத்து ஓடையில் விழுந்து பிழைத்தார். ஓக்பூனுக்கு முழங்கால் மடங்காது. அவளால் இறங்க முடியவில்லை.

என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்.

மூன்றாம் நாள், வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருந்த உடற்பயிற்சிக்கூட முகாமுக்கு நம்குங் வந்தார். தரையெல்லாம் சின்னச் சின்னக் கூடாரங்கள், ஜனம் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் போர்வைகளோடு போயிருந்தேன். எங்கள் ஊரில் அரசியல்வாதி துக்கம் கேட்க வந்தால் ஒரு முறை உண்டு. முட்டிபோட வேண்டும், வயசானவர் கையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், கேமராக்காரன் சரி என்று தலையாட்டும்வரை விடக்கூடாது. பேரிடர் என்றால் அதிகாரிகள் மாட்டிக்கொள்கிற மஞ்சள் ஜாக்கெட்டில் மடிப்புக்கூடக் கலையாமல் வந்து மால்ஹி முன்னால் முட்டிபோட்டார். கையை நீட்டினார். அவள் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இது வானத்தின் செயல் அம்மா, வரப்பைக் கொளுத்தியவனைச் சும்மா விடமாட்டோம், தண்டனையை இரட்டிப்பாக்கச் சட்டம் கொண்டுவருகிறேன் என்றார்.

"கொளுத்தினவன் ஒருத்தன்தான். மலையைக் காயப் போட்டது யாரு?" என்று கேட்டாள் மால்ஹி. "சாலையை அடைச்சு வச்சது யாரு? நான் உங்ககிட்ட மாம்பழமா கேட்டேன்?"

அவருடைய உதவியாளன் பெங், மெழுகு தடவிய மாதிரி முகம் உள்ளவன், கேமராக்காரனைத் தோளைப் பிடித்துத் திருப்பினான். எம்.பி.க்குப் பக்கத்துக் கூடாரத்தில் காது கேட்காத ஒரு பெரியவரின் கை கிடைத்தது. அந்தப் படம்தான் பேப்பரில் வந்தது. 'உங்கள் கண்ணீரில் நானும் இருக்கிறேன்' என்று அதை பேனராக்கச் சொல்லி எனக்கும் வந்தது. அடித்துக்கொடுத்தேன். காசும் வாங்கிக்கொண்டேன்.

கோடை போயிற்று. ஜனத்தை ஊரிலேயே தகரப் பெட்டி வீடுகளில் அடைத்தார்கள். வரப்பைக் கொளுத்துகிறவனுக்குத் தண்டனை ஏறியது. பருவநிலைச் சட்டம் கமிட்டியில் புரண்டுகூடப் படுக்கவில்லை. எரிந்த மலையைச் சுற்றிப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள், சாலையோரம் நிற்கிற மரங்களை அண்ணாந்து பார்த்தார்கள், போனார்கள். கீழ் வளைவு மரங்கள் பாதி கருகி நின்றன. மேல் வளைவு அப்படியே பச்சையாக, அடுத்த தடவைக்குக் காத்துக்கொண்டு நின்றது. அந்தப் பெட்டிகளில் இருப்பவர்களுக்கு வெளியேற இப்போதும் அதே சாலைதான். மால்ஹிக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த மார்ச்சுக்குள் அந்த மரங்கள் போயாக வேண்டும், அதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சே இல்லை.

இலையுதிர்காலத்தில் என் கடைக்கு வந்து பேனர் கேட்டாள். 'சாலையோர மரத்தை எடுங்கள், இன்னொரு ஓக்பூன் வேண்டாம்.' அவ்வளவுதான் வாசகம். முத்திரைக்குப் போனால் மரித்தவர் பேரைப் போடக்கூடாது என்று ஆரம்பித்து அலைக்கழித்தார்கள். முத்திரை இல்லாமலே நெடுஞ்சாலை முச்சந்தியில் கட்டினோம். நானே ஏணியைப் பிடித்தேன். அன்று மத்தியானமே வேன் வந்தது. இரண்டு கம்பத்துக்கு நடுவில் எங்கள் பேனரை மட்டும் அறுத்தார்கள். அதற்கு மேலேயே 'கண்ணீரில் நானும் இருக்கிறேன்' ஆடிக்கொண்டிருந்தது, வெயிலில் வெளுத்து, ஒரு மூலை கிழிந்து. அதைத் தொடவில்லை. வேன்காரன் எனக்குத் தெரிந்தவன்தான். என்ன பண்றது அக்கா, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு என்றான். அவனிடம் சண்டை போட்டு என்ன ஆகும்? ஆனாலும் போட்டேன்.

பிப்ரவரியில் மறுபடியும் வறண்ட காற்று எச்சரிக்கை வர ஆரம்பித்தது. பனி இல்லை. மால்ஹி ஊர்க்கூட்டம் போட்டாள். கூட்ட மண்டபம் எரிந்துவிட்டதால் பெட்டி வீடு ஒன்றில் முழங்காலோடு முழங்கால் இடித்து உட்கார்ந்தார்கள். நானும் போயிருந்தேன். நாமே வெட்டுவோம் என்றாள். வனத்துறை நிலத்தில் மரம் வெட்டினால் வழக்கு என்று ஒருவர் சொன்னார். வழக்கு என்மேல் வரட்டும் என்றாள். பிறகு எல்லாரும் பியொங்சுவைப் பார்த்தார்கள். மலைக்காளான் எல்லாம் சாம்பல், திரும்ப முளைக்க ஒரு தலைமுறை ஆகும். மிஞ்சியிருப்பது சாலையோர மரத்தடிதான். ஒரு வருஷமாக அவர் யாரிடமும் சரியாகப் பேசியதில்லை. அன்றும் எழுந்து வெளியே போய்விட்டார்.

போச்சு, இந்த மனுஷன் இப்போதும் கெடுத்தார் என்று நான் முணுமுணுத்தேன். மறுநாள் காலை மால்ஹியும் மற்றவர்களும் கீழ் வளைவுக்குப் போனபோது அவர் ரம்பத்தோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். ஏற்கெனவே ஒரு மரம் கிடந்தது. மால்ஹி அவரை அண்ணே என்று மட்டும் கூப்பிட்டாளாம். அவர் அடுத்த மரத்துக்கு நகர்ந்தாராம். நாலைந்து நாளில் கீழ் வளைவு வானம் தெரிய வெளுத்துவிட்டது.

வனத்துறைக்கு அதற்கு மட்டும் கண் தெரிந்தது. வருஷக்கணக்காகப் பதில் போடத் தெரியாதவர்கள் ஒரே வாரத்தில் புகார் போட்டார்கள். மால்ஹியைக் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. மேல் வளைவில் கை வைக்காமலே வேலை நின்றது.

அதே வாரம் பெங்கிடமிருந்து எனக்கு அவசர ஆர்டர். ஜூனில் உள்ளாட்சித் தேர்தல், எம்.பி.யின் ஆட்கள் நிற்கிறார்கள். வாசகத்தைத் திறந்து பார்த்தேன். 'ஸொல்கோல் சாலையோர அபாய மரங்கள் அகற்றம் முழுமை! மக்கள் உயிர் காத்த நம்குங்.' பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு அதே மூஞ்சி. முழுமை என்கிற வார்த்தையை இன்னும் பெரிதாகப் போடச் சொல்லிக் குறிப்பு வேறு. அடப் பாவிகளா. இருபது வருஷமாக இந்தத் தொழிலில் எத்தனையோ புளுகை அச்சடித்திருக்கிறேன், இப்படி ஒன்றை இதுவரை பார்த்ததில்லை. வெட்டியவளுக்குப் போலீஸ், வெட்டாதவருக்கு பேனர்.

மால்ஹியைக் கடைக்கு வரச் சொன்னேன். வந்தாள், படித்தாள், என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தேன்.

"இதுல எனக்கும் ஒண்ணு அடிடி" என்றாள்.

எதுக்கு என்றேன்.

"போலீஸ்ல காட்டத்தான். வெட்டினது அவர்னு அவரே ஊரெல்லாம் சொல்றாரே. அப்ப அவரைப் பிடிக்கட்டும்."

அடித்தேன். நம்குங்கின் மருவை அந்தப் பிரதியில் அழிக்கவில்லை. என் கைக்கு முடிந்த மரியாதை அதுதான். விஷயம் வெளியே தெரிந்தால் அவர்கள் ஆர்டர் எல்லாம் பக்கத்துத் தெரு கடைக்குப் போகும் என்று தெரியும். போகட்டும் சனியன்.

காவல் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். ஹாம் என்று ஒரு இளம் அதிகாரி, நல்ல பையன், பாக்கெட் காபி கலந்து கொடுத்தான். மால்ஹி பேனரை அவன் மேசைமேல் உருட்டி விரித்தாள். மேசை போதாமல் ஒரு பக்கம் தரையில் தொங்கியது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து படித்தார்கள். குற்றவாளி இவர்தான், படம்கூடப் போட்டிருக்கிறார், வரச் சொல்லுங்கள் என்றாள். ஒருவர் இருமுகிற மாதிரி சிரிப்பை மறைத்தார். ஹாம் காதெல்லாம் சிவந்து உள்ளே போய் யாருக்கோ போன் பண்ணினான்.

கொஞ்ச நேரத்தில் பெங் வந்தான். நான் நினைத்த மாதிரி அவன் பதறவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மால்ஹிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குழைந்தான். இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது தலைவரம்மா, எம்.பி. போன வருஷமே வனத்துறையிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார், அனுமதி இருந்ததாகவே வைத்துக்கொள்ளலாம், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. சனிக்கிழமை முச்சந்தியில் பேனருக்குக் கீழே எம்.பி.யோடு ஒரு படம், கையில் ஒரு பூச்செண்டு, அவ்வளவுதான் என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவள் தொடையைக் கிள்ளினேன். ஒப்புக்கொள்ளடி என்றுதான் கிள்ளினேன். ஒரு படம்தானே, எவ்வளவு பேர் அந்த மூஞ்சிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். வழக்கு போய்விடும். இடுப்பு ஒடிந்த புருஷனை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்கு யார் அலைவது?

மால்ஹி பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. மேல் வளைவை எப்ப வெட்டுவீங்க?" என்றாள்.

பெங் விளங்காதவன்போல் பார்த்தான். "அதான் முழுமைன்னு போட்டாச்சே தலைவரம்மா. முடிஞ்ச வேலைக்கு மறுபடி எப்படிக் கேக்கறது?"

"மேல் வளைவுல ஒரு மரம்கூட விழலியே."

"காகிதத்துல ஒரே சாலைதானே."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நிஜமாகவே அவனுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. மேல் வளைவு அடுத்த தீயில் சாலையை மூடினால், அதற்கும் ஒரு கண்ணீர் பேனர் ஆர்டர் பண்ணிவிடுவான்.

மால்ஹி எழுந்து பேனரைச் சுருட்ட ஆரம்பித்தாள். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். சுருட்டி முடித்து அதைப் பெங்கின் மடியில் வைத்தாள். பிறகு ஹாம் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோ தம்பி. வெட்டினது நான். வேற யாரும் இல்ல. எம்.பி. ஒரு சுள்ளிகூட ஒடிக்கல. கீழ் வளைவு மட்டும்தான் வெட்டியிருக்கு, மேல் வளைவு வெட்டல. அந்த ரெண்டாவதை நல்லா விளங்கற மாதிரி எழுது."

பெங் எழுந்தான். தலைவரம்மா, நல்லா யோசிச்சுப் பேசுங்க என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனரை என்ன செய்வதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்தபடி வெளியே போனான்.

ஹாம் தட்டச்சு செய்தான். அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதினான், மேல் வளைவையும் சேர்த்து. படித்துக் காட்டினான். அவள் பையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாக எங்கள் ஊரில் குத்துகிற பெயர் முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினாள். பையனுக்கு மனசு கேட்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு வழி சொன்னான். எங்கள் நாட்டில் நீதிபதிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொடுத்தால் தண்டனை குறையும். கொலைகாரன்கூடப் பக்கம் பக்கமாக எழுதுகிறான்.

"அம்மா, செஞ்சது தப்பு, இனிமே வெட்ட மாட்டேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும். நானே சேத்து வச்சுடறேன்."

வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினான். மால்ஹி காபியின் கடைசி வாயைக் குடித்துவிட்டுத் தாளை அவன் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"மேல் வளைவு இன்னும் பாக்கி இருக்கு தம்பி. அதையும் வெட்டிட்டு வந்து எழுதறேன்."